கட்டத்துக்குள் இரண்டு பூஜ்ஜியங்கள்

பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவிக்கு நான் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். இளங்கலைப் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு, உள்மதிப்பீட்டுத் தேர்வு. ஆட்டக் கோட்பாட்டில் ‘ஆண் பெண் போர்’ என்று ஒரு ஆட்டம் வரும். அதற்கான பலன் கட்டத்தை வரைந்து, சமநிலைகளை வட்டமிட்டுக் காட்ட வேண்டும். நான்கு அறை கொண்ட சின்னக் கட்டம்தான். அவள் கட்டத்தை ஒழுங்காகப் போட்டிருந்தாள், சமநிலைகளையும் சரியாகவே வட்டமிட்டிருந்தாள். ஆனால் இருவரும் ஒத்துப்போகாத இரண்டு அறைகளில், ‘0, 0’ இருக்க வேண்டிய இடத்தில், ‘0, -5’ என்று எழுதியிருந்தாள். மைனஸ் ஐந்து பெண்ணுக்கு. கொடுக்கப்பட்ட எண்களைப் பயன்படுத்தவும் என்று சிவப்பு மையில் எழுதி இரண்டைக் கழித்தேன். அவள் வந்து கேட்கவுமில்லை.

பொருளாதாரம் படிக்காத தோழிகளுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆண், ஒரு பெண். மாலையில் வெளியே போக வேண்டும். அவனுக்குக் குத்துச்சண்டை பார்க்க ஆசை, அவளுக்கு பாலே நடனம் பார்க்க ஆசை. ஆனால் ஆளுக்கொரு பக்கம் போவதைவிட, பிடிக்காத இடமானாலும் சேர்ந்து போவதுதான் இருவருக்கும் மேல். இருவரும் குத்துச்சண்டைக்குப் போனால் அவனுக்கு 2, அவளுக்கு 1. இருவரும் நடனத்துக்குப் போனால் அவனுக்கு 1, அவளுக்கு 2. தனித்தனியாகப் போனால் இருவருக்கும் 0. டங்கன் லூஸும் ஹோவார்ட் ரைஃபாவும் 1957-இல் எழுதிய ‘ஆட்டங்களும் முடிவுகளும்’ என்ற நூலின் வழியாக இது உலகத்து வகுப்பறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வழக்கமான கலாச்சார அச்சின்படிதான் ஆணுக்குச் சண்டை, பெண்ணுக்கு நடனம் என்று வைக்கிறோம் என அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். எண்கள் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் ஒரே அளவு நஷ்டம் என்பது மட்டும் அநேகமாக மாறுவதில்லை.

இதில் நாஷ் சமநிலை என்பது என்ன? மற்றவர் என்ன செய்கிறாரோ அதை அப்படியே வைத்துக்கொண்டால், நான் மட்டும் மாறி எனக்கு லாபம் எதுவும் இல்லை என்ற நிலை. இருவரும் குத்துச்சண்டைக்குப் போவது ஒரு சமநிலை. இருவரும் நடனத்துக்குப் போவது இன்னொன்று. இரண்டில் எது நடக்கும் என்று கேட்டால் கோட்பாடு கையை விரித்துவிடும். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: இருவரும் தங்களுக்குப் பிடித்ததை மூன்றுக்கு இரண்டு தடவை பிடிவாதமாகத் தேர்ந்தெடுப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பிடிவாதத்தில் இருவருக்கும் சராசரியாகக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1-க்கும் குறைவு. ஒன்பதில் ஐந்து தடவை இருவரும் ஆளுக்கொரு இடத்தில் போய் நின்றுகொண்டிருப்பார்கள். விட்டுக்கொடுத்தவருக்குக்கூட 1 கிடைக்கும், முரண்டு பிடித்தவருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் இதைப் போட்டு முடித்ததும் யாராவது ஒருத்தி சிரிப்பாள். “எங்க அம்மா சொல்றதும் இதுதான் மேம்.”

நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்று அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

இந்தப் பாடத்தைப் பெண்ணியவாதிகள் விமர்சிக்கும்போது முதலில் கைவைப்பது கதையின் மேல்தான். அதற்கு நியாயமும் இருக்கிறது. 2001-இல் வந்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில் ஒரு மதுக்கூடக் காட்சி வரும். நாஷின் கருத்தை விளக்க ஆசிரியர்கள் இன்றும் அதைத் திரையில் ஓட்டுகிறார்கள். நான்கைந்து ஆண்கள், பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண், கூட அவளுடைய தோழிகள். எல்லோரும் அந்த ஒருத்தியையே நாடிப் போனால் யாருக்கும் யாரும் கிடைக்கமாட்டார்கள், அதனால் அவளை விட்டுவிட்டுத் தோழிகளிடம் போவோம் என்று படத்து நாஷ் கண்டுபிடிக்கிறார். அந்த அறையில் ஆட்டக்காரர்கள் ஆண்கள் மட்டும்தான், பெண்கள் கட்டத்துக்குள் எழுதப்படும் பலன்கள். இது ஒரு பக்கம் இருக்க, கணக்கும் தப்பு. மற்ற எல்லோரும் அவளை விட்டுவிட்டார்கள் என்றால், ஒருவன் மட்டும் மனசு மாறி அவளிடம் போவதுதான் அவனுக்கு லாபம். ஆகவே படம் காட்டுவது நாஷ் சமநிலையே அல்ல. பெண்களை ஆட்டக்காரர்களாக எண்ணத் தோன்றாத காட்சியில் கணக்கும் சேர்ந்து பிசகிப்போனது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் கதையைக் குறை சொல்வது சுலபம். கதையை மாற்றிவிடவும் முடியும், மாற்றியும் விட்டார்கள்.

1994-இல் மார்ட்டின் ஆஸ்பர்னும் ஏரியல் ரூபின்ஸ்டைனும் எழுதிய பாடநூலில் இதே ஆட்டம் ‘பாக் அல்லது ஸ்ட்ராவின்ஸ்கி’ என்ற பெயரில் வருகிறது. இரண்டு பேர் இசை நிகழ்ச்சிக்குப் போக வேண்டும், ஒருவருக்கு பாக் பிடிக்கும், மற்றவருக்கு ஸ்ட்ராவின்ஸ்கி. ஆங்கிலத்தில் பழைய பெயரின் முதல் எழுத்துகள் புதிய பெயருக்கும் பொருந்தும்படி சாமர்த்தியமாக வைத்திருந்தார்கள். ஆண் போயாயிற்று, பெண்ணும் போயாயிற்று, குத்துச்சண்டையும் நடனமும் போயாயிற்று. 0, 0 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தப் பெயர்மாற்றத்தைப் படித்தபோது நல்ல திருத்தம் என்றுதான் நானும் நினைத்தேன், சில வருடங்கள் அப்படியே நடத்தவும் செய்தேன். இப்போது எனக்குப் பழைய பெயரே தேவலை என்று படுகிறது. சந்தையில் சந்தித்த இரண்டு வியாபாரிகளைப் பற்றிய ஆட்டம் இல்லை இது, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைப் பற்றியது என்று அந்தக் கொச்சையான பெயராவது சொல்லிக்கொண்டிருந்தது. பெயரை எடுத்ததும் அந்த இரண்டு பூஜ்ஜியங்களைச் சந்தேகப்பட இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. பாக் ரசிகருக்கும் ஸ்ட்ராவின்ஸ்கி ரசிகருக்கும் ஒரு மாலை வீணாவது சமமான நஷ்டமாக இருக்கலாம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அப்படியா?

அந்த மாணவியின் மைனஸ் ஐந்துக்கு வருகிறேன். விடைத்தாளைத் திருத்தி மாதங்கள் கழித்து, வேறொரு வகுப்புக்காக ஜான் ஹர்சானியும் ரைன்ஹார்ட் செல்ட்டனும் 1988-இல் எழுதிய நூலின் ஒரு பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். நாஷுடன் சேர்ந்து 1994-இல் நோபல் வாங்கியவர்கள் இவர்கள். ஒரு ஆட்டத்தில் பல சமநிலைகள் இருந்தால் எது பாதுகாப்பானது என்று பார்க்க அவர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். ஒவ்வொரு சமநிலையிலும், ஒருவர் மட்டும் தனியாக விலகினால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். இருவருடைய நஷ்டங்களையும் பெருக்குங்கள். பெருக்குத்தொகை எங்கே அதிகமோ, எதிராளி என்ன செய்வார் என்று நிச்சயமில்லாத இரண்டு பேர் அந்தப் பக்கமே சாய்வார்கள்.

பாடநூல் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். குத்துச்சண்டையில் அவன் விலகினால் 2 போகும், அவள் விலகினால் 1. பெருக்கினால் 2. நடனத்தில் அவன் விலகினால் 1, அவள் விலகினால் 2. பெருக்கினால் அதுவும் 2. தராசு நடுவில் நிற்கிறது. யாருடைய விருப்பம் ஜெயிக்கும் என்று சொல்லவே முடியாது.

பிறகு, ஏன் என்று தெரியாமலே, அந்தப் பெண் எழுதிய எண்ணைப் போட்டேன். ஒத்துப்போகாவிட்டால் அவனுக்கு 0, அவளுக்கு மைனஸ் 5. குத்துச்சண்டையில் அவன் விலகினால் முன்போலவே 2 நஷ்டம். அவள் விலகினால் 1-இலிருந்து மைனஸ் 5-க்கு, அதாவது 6 நஷ்டம். இரண்டையும் பெருக்கினால் 12. நடனத்தில் அவனுக்கு 1, அவளுக்கு 2-இலிருந்து மைனஸ் 5-க்கு, 7. பெருக்கினால் 7. பன்னிரண்டுக்கும் ஏழுக்கும் போட்டியே இல்லை. தராசு குத்துச்சண்டைப் பக்கம் தாழ்ந்துவிட்டது.

நோட்டை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய விருப்பத்தில் நான் எதையும் மாற்றவில்லை, நடனம் அவளுக்கு இப்போதும் 2 தான். அவனும் கெட்டவனாகிவிடவில்லை, கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. சண்டை வந்தால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அந்தச் சண்டை வரவே இல்லை. ஒவ்வொரு மாலையும் இருவரும் சேர்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டுதான் குத்துச்சண்டைக்குப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவளும் குத்துச்சண்டை ரசிகை என்றே தோன்றும். ‘எங்க வீட்ல எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம்’ என்ற பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன், என் வீட்டில் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பேரம் பற்றிய கோட்பாட்டில் இந்த அறைக்குத் தனிப் பெயரே உண்டு. பேச்சு முறிந்தால் ஒவ்வொருவரும் எங்கே போய் நிற்பார்கள் என்பதால் இதை முறிவுப் புள்ளி என்று சொல்லலாம். நாஷ் 1950-இல் எழுதிய பேரக் கட்டுரையிலிருந்தே இது வருகிறது. பணக் கணக்காக எளிமைப்படுத்திச் சொல்கிறேன். சேர்ந்து வாழ்வதால் 100 ரூபாய் நன்மை. முறிந்தால் இருவருக்கும் 0 என்றால் ஆளுக்கு 50. முறிந்தாலும் அவன் கையில் 40 நிற்கும், அவளுக்கு ஒன்றும் இல்லை என்றால், மீதி 60-ஐத்தான் சமமாகப் பிரிப்பார்கள்: அவனுக்கு 70, அவளுக்கு 30. முறிந்தால் அவளுக்கு மைனஸ் 20 என்றால் 80-க்கு 20 ஆகிவிடும். பிரிக்கும் முறை மூன்றிலும் ஒன்றேதான், மூன்றும் ‘நியாயமான’ பங்கீடுகள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நம் பழமொழி சொல்கிறது. அந்தக் கோடி எப்படிப் பிரிகிறது என்பதைப் பழமொழி சொல்வதில்லை, நாஷ் சொல்கிறார்.

முறிவு என்றதும் விவாகரத்து, நீதிமன்றம் என்றுதான் தோன்றும். 1980-களின் தொடக்கத்தில் குடும்பத்தைப் பேரமாகப் பார்த்த பொருளாதார அறிஞர்களும் அப்படித்தான் எழுதினார்கள். ஷெல்லி லண்ட்பர்க், ராபர்ட் பொல்லாக் இருவரும் 1993-இல் வேறு மாதிரி யோசித்தார்கள். பெரும்பாலான சண்டைகள் கோர்ட்டுக்குப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயேதான் முறிகின்றன. அவரவர் தம்முடையது என்று ஊர் வழக்கம் ஒதுக்கிய வேலையை மட்டும் செய்துகொண்டு ஒத்துழைப்பை நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கருத்துக்கு நம்மிடம் விளக்கம் வேண்டியதில்லை. ‘பேச்சுவார்த்தை இல்லை’ என்போமே, அதுதான். “அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு” என்று பிள்ளை மூலமாகச் சொல்லும் அந்த மூன்று நாட்கள், மூன்று மாதங்கள். கவனித்துப் பாருங்கள், பேச்சு நின்றாலும் சோறு வடிப்பது நிற்பதில்லை. துணி துவைப்பதும் நிற்பதில்லை. அவன் ஒத்துழைக்காமல் இருப்பது என்றால் பேசாமல் இருப்பது, காசைக் குறைத்துத் தருவது. அவள் ஒத்துழைக்காமல் இருப்பது என்றால் அதே வேலையை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு செய்வது. இதில் 0, 0 எங்கே இருக்கிறது?

இந்த எண் வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கேரி பெக்கர் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய பெரிய நூலில், அன்பான குடும்பத் தலைவர் ஒருவர் இருந்தால் பணம் யார் கைக்கு வந்தாலும் செலவு ஒரே மாதிரிதான் இருக்கும் என்ற முடிவுக்கு வருகிறார். இங்கிலாந்தில் எலினர் ராத்போன் என்ற பெண் எம்.பி. இதை முன்கூட்டியே மறுத்திருந்தார். 1945-இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தபோது மசோதாவில் பணம் தகப்பனுக்கு என்று இருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர் அவர்தான். ஆனாலும் தகப்பனுக்கு என்றால் வேண்டாம் என்று எதிர்த்து நின்று, தாய்க்கு என்று மாற்றவைத்தார். பிறகு 1970-களின் இறுதியில் அங்கே இன்னொரு மாற்றம் வந்தது. பிள்ளைகளுக்காகத் தகப்பனின் சம்பளத்தில் கொடுத்துவந்த வரிச்சலுகையை எடுத்துவிட்டு, தாயின் கையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். லண்ட்பர்க், பொல்லாக், டெரன்ஸ் வேல்ஸ் மூவரும் 1997-இல் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். ஆண்களின் துணிக்கான செலவோடு ஒப்பிட்டால், பெண்களின் துணிக்கும் பிள்ளைகளின் துணிக்குமான செலவு கூடியிருந்தது. பணம் பர்ஸ் மாறியது, கடையில் வாங்கும் துணி மாறியது. நம் ஊரில் 2023 செப்டம்பரிலிருந்து கொடுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது நல்ல காரியம். ஆனால் ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இனி என் கதை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு மதிப்பெண் குறைத்தவள் நான் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா 2007-இல் காலமானார். ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் நிலம். இரண்டும் அவருடைய சுயசம்பாத்தியம். உயில் இல்லை. 1956-ஆம் வருடத்துச் சட்டப்படியே அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. இது எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த வருடம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்ததே அதுதான். அப்பாவின் வருஷத் திதி முடிந்த மறுமாதம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மாவும் போட்டார். யாரும் மிரட்டவில்லை. அண்ணன் வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. முந்தின நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று மட்டும் சொன்னான். “உனக்கு ஒண்ணுன்னா நான் இல்லையா பாப்பா?”

அதில் பொய் இல்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துக்கொண்டவன் அவன்தான், கடன் வாங்கிச் சீர் செய்தவனும் அவன்தான். ஆனால் பீனா அகர்வால் 1994-இல் எழுதிய ‘தனக்கென ஒரு வயல்’ நூலைப் படித்தபோது, அந்தத் திண்ணையில் நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. தெற்காசியப் பெண்கள் ஏன் சகோதரர்களுக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று அவர் விரிவாக எழுதுகிறார். பெண்களின் தியாக மனப்பான்மை என்று அதை முடித்துவிடுவதில்லை. புகுந்த வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலை அண்ணன் தம்பி திறந்துவைக்க வேண்டும், அதற்கான விலைதான் நிலம். பேரத்தின் மொழியில் சொன்னால், என் முறிவுப் புள்ளியைக் காப்பாற்றிக்கொள்ள எதை விற்றேனோ, அதுவேதான் என் முறிவுப் புள்ளியாக இருந்திருக்க வேண்டும்.

அந்த வாசலில் ஒருமுறை போய் நிற்க வேண்டிவந்தது. எதற்காக என்பது இங்கே வேண்டாம். நான்கு நாள் இருந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அண்ணி தோசை வார்த்துக்கொண்டே, “பசங்களுக்கு லீவு எப்பங்க முடியுது?” என்றார். அண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அது சொந்த வீடு இல்லை. அவருடைய அப்பா வீட்டுப் பங்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தில்தான் முடிந்திருந்தது. அன்று மாலை பஸ் ஏறினேன். அந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தவளின் கட்டத்தில் என்ன எண் எழுத வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், பூஜ்ஜியம் என்று நிச்சயம் சொல்லியிருக்கமாட்டேன்.

பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. தன் பேரில் வீடோ நிலமோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். எழுத்தறிவில் பெயர் வாங்கிய ஊரின் கணக்கு இது. சொத்துள்ள பெண் சண்டைக்காரியாகிவிடுகிறாள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவள் எழுந்து போக முடியும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

பேரத்தைப் பற்றிப் பேசினால் தாமஸ் ஷெல்லிங்கைச் சொல்லாமல் போக முடியாது. தன் கையைத் தானே கட்டிக்கொள்பவர் ஜெயிக்கிறார் என்று 1960-இல் எழுதியவர். குத்துச்சண்டைக்கு முதலில் டிக்கெட் வாங்கிவிட்டால் தீர்ந்தது, மற்றவர் பின்னால் வர வேண்டியதுதான். ‘தம்பிக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்’ என்று கணவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஷெல்லிங் ஞாபகம் வருகிறார். ஆணுக்கு வாக்கு உண்டு, மீறினால் மானம் போகும், ஆகவே அது செல்லும். பெண் வெளியே கொடுக்கும் வாக்கு வீட்டில் கேட்டுச் சொல்லும்வரை செல்லாது. ஆனால் ஷெல்லிங் இன்னொன்றும் சொல்கிறார்: முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவர் பேரத்தில் சில சமயம் பலசாலி. இதை அவர் ராஜதந்திரிகளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம். நம் தெருவில் சீட்டுப் பிடிப்பவரிடமும் கைமாற்றுக் கேட்டு வருபவரிடமும் “அவரைக் கேட்டுச் சொல்றேங்க” என்று கதவைச் சாத்தும் பெண்கள் இதில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். சொந்தத்தில் ஒரு பெண் இருந்தார். கணவர் இறந்து இரண்டு வருடம் வரைக்கும் தெரியாதவர்களிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சாமர்த்தியங்களைக் கொண்டாடலாமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. துருக்கியைச் சேர்ந்த டெனிஸ் கண்டியோட்டி 1988-இல் இதற்கு ‘ஆணாதிக்கத்துடன் பேரம்’ என்று பெயர் வைத்தார். மருமகளாக இருக்கும்போது அடங்கி, மாமியாராகும் நாளுக்காகக் காத்திருக்கும் நீண்ட ஆட்டம் அதில் ஒன்று. ஒவ்வொருத்தியும் தன் கட்டத்துக்குள் புத்திசாலியாகத்தான் ஆடுகிறாள். கட்டம் அதே கட்டமாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

அறிமுகப் பாடநூல்கள் மேல் எனக்குள்ள குறை இதுதான். எண்களைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை ஆடச் சொல்கின்றன. எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க ஒரு பயிற்சிக் கணக்குகூட இல்லை. இதற்காக இந்தக் கோட்பாடே ஆண்களின் விளையாட்டு, குளிர்ப்போர்க் காலத்துச் சரக்கு, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கும் தோழிகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. குளிர்ப்போர்ச் சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அன்பு, விட்டுக்கொடுத்தல், குடும்பம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த இடத்தில், விலகினால் உனக்கு எவ்வளவு நஷ்டம் என்று முகத்துக்கு நேரே கேட்ட மொழி எனக்கு இது ஒன்றுதான்.

அமர்த்தியா சென் இதையும் போதாது என்கிறார். 1990-இல் வெளியான, பாலினத்தையும் ‘ஒத்துழைப்போடு கூடிய முரண்பாடுகளை’யும் பற்றிய கட்டுரையில் அவர் சொல்வது: முறிவுப் புள்ளி மட்டும் பங்கைத் தீர்மானிப்பதில்லை. தன் நலன் என்று அவள் எதை நினைக்கிறாள், வீட்டுக்குத் தான் எவ்வளவு கொடுப்பதாக அவளும் மற்றவர்களும் நினைக்கிறார்கள், இவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ‘எனக்குன்னு என்ன வேணும், பசங்க நல்லா இருந்தா போதும்’ என்கிறவளின் அறையில் எந்த எண்ணை எழுதுவது? அவள் சொல்வதை அப்படியே எழுதினால் அவளுக்கு 2 கிடைத்துக்கொண்டே இருக்கும், அவள் பாட்டுக்குக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவள் சொல்வது தப்பு என்று நான் வேறு எண் எழுதினால், அவளுக்காக முடிவெடுக்கும் வரிசையில் நானும் ஒருத்தி. சென் இந்தச் சிக்கலைக் காட்டுகிறார், தீர்த்துவைப்பதில்லை. எனக்கும் தீர்க்கத் தெரியவில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று என்னிடம் கேட்டிருந்தால் சந்தோஷமாகத்தான் போட்டேன் என்று சொல்லியிருப்பேன். உண்மையும் அதுதான்.

இப்போது அந்தப் பாடம் வரும்போது 2, 1 என்றும் 1, 2 என்றும் இரண்டு அறைகளை மட்டும் நிரப்பிவிட்டு, மற்ற இரண்டையும் காலியாக விட்டுவிடுகிறேன். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் ஆளுக்கு ஒரு எண் போட்டுத் தரச் சொல்கிறேன். மைனஸ் 3 வரும், மைனஸ் 10 வரும். போன வருடம் ஒரு சீட்டில் அவளுக்கு 0 என்றும், அவனுக்கு மைனஸ் 4 என்றும் இருந்தது. பக்கத்தில் ‘காபி போடக்கூடத் தெரியாது’ என்று எழுதியிருந்தாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆனால் அதுவும் சரியான எண்தான், அதையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நடனத்துக்கு 10, குத்துச்சண்டைக்கு 6 என்று வந்தது. அந்தச் சீட்டு யாருடையது என்று அவர்கள் ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மைனஸ் 5 எழுதியவள் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வருடத்து விடைத்தாள்கள் எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பல்கலைக்கழகத் தேர்வில் இந்தக் கணக்கு எண்களோடுதான் வருகிறது. அதனால் செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம், அங்கே மட்டும் 0 போட்டுவிடுங்கள் பிள்ளைகளே, இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று நானே சொல்லி அனுப்புகிறேன்.